காக்கா மிச்சம் வைத்த பக்கம்

திருமறையைத் திறந்தபடி வைத்துவிட்டு எழும்பிப் போகக் கூடாது. போனால் சைத்தான் வந்து ஓதுவான். எங்கள் ஊர்ப் பக்கம் ஓதப் பழகுகிற பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க முன்னமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பாதியில் தண்ணீர் குடிக்க எழும்பினாலும் மூடிவிட்டுத்தான் எழும்ப வேண்டும். கல்முனையிலும் நிந்தவூரிலும் நான் போன வீடுகளில் எல்லாம் இதுதான் சட்டம். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு திருமறை முப்பது வருஷத்துக்கு மேலாகத் திறந்தே கிடந்தது. திறந்து வைத்துவிட்டுப் போனவர் என் காக்கா. மூட விடாமல் காவல் இருந்தது உம்மா.

காக்கா எனக்கு ஒரேயொரு அண்ணன். எனக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். வாப்பா நேரத்தோடு மௌத்தானதால் வயலைப் பார்த்தவரும் அவர்தான், எனக்குச் செருப்பு வாங்கித் தந்தவரும் அவர்தான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். காக்காவும் ரெண்டு ஒழுங்கை தள்ளி மதினி வீட்டில்தான் இருந்தார். ஆனாலும் விடிய சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். முன்னறையில் உட்கார்ந்து கொஞ்சம் ஓதுவார். உம்மா தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வயலுக்குப் போவார். அவர் ஓதுகிற சத்தம் கேட்காமல் தனக்குத் தேத்தண்ணி இறங்காது என்று உம்மா பெருமையடிப்பா. மதினி வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "ஆளத் தந்திட்டாங்க, சத்தத்த மாமி வெச்சிக்கிட்டா" என்று மதினியே சொல்லியிருக்கிறா. அப்போது அவவுக்குக் கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அது யுத்தம் நடந்த பிரச்சினைக் காலம். மேற்கே வட்டைப் பக்கம், வயல்வெளிக்கு, போகிறவர்கள் தனியாகப் போக மாட்டார்கள், பொழுது சாய முன்னம் திரும்பிவிடுவார்கள். அன்றைக்குக் காக்கா ஓதிக்கொண்டிருந்தபோது பக்கத்து வயல்காரர் வாசல் கடப்படியில் நின்று கூப்பிட்டார். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்களாம், இப்போது போகாவிட்டால் மேல் வயல்காரன் மறித்துவிடுவானாம். கச்சான் காற்று அடித்துப் பயிர் வாடிக் கிடந்த நேரம். ஓதுகிறவரைக் குறுக்கே கூப்பிடுவதில்லை, ஸலாம்கூடச் சொல்வதில்லை. உம்மாவுக்கும் அது தெரியும். கொஞ்ச நேரம் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தா. பிறகு உள்ளே போய்ச் சொன்னா.

"மனே, ஓதல் ஓடிப் போகாது. தண்ணி ஓடிரும். போயிட்டு வந்து ஓது."

நான் பள்ளிக்கூடச் சீருடையோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். காக்கா எந்த வரியில் நிறுத்தினாரோ அந்த வரியில் ஈர்க்குத் துண்டை வைத்தார். வரி பிசகாமல் ஓத அவர் சின்ன வயதிலிருந்தே ஓலை ஈர்க்கைத்தான் பிடிப்பார், பெரிய ஆளாகியும் விடவில்லை. "மூடிராதீங்க உம்மா. மிச்சம் கொஞ்சந்தான். வந்து ஓதிட்டு நானே மூடுறன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அவரும் வரவில்லை, கூப்பிட வந்தவரும் வரவில்லை. மண்வெட்டிகள் வரம்பில் கிடந்தன என்று தேடிப் போனவர்கள் வந்து சொன்னார்கள். யார் செய்தது என்று ஊர் ஆளுக்கொரு கதை சொன்னது. அதில் ஒன்றையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. தெரியாததை எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. பக்கத்து வயல்காரரின் வீட்டார் கொஞ்சக் காலம் பார்த்துவிட்டு, அழுது, கத்தம் ஓதி, ஏழைகளுக்குச் சோறு கொடுத்து முடித்தார்கள். உம்மா முடிக்கவில்லை. "என்ட மகன் வாறன் எண்டுதான் போனான்" என்றா.

முன்னறை அப்படித்தான் தனி அறையாகிப் போனது. மரத்தாங்கியில் திருமறை விரிந்து கிடக்கும். அதற்கு மேல் ஒரு வெள்ளைத் துணி. காற்று பக்கத்தைப் புரட்டிவிடும் என்று துணியின் நாலு மூலையிலும் உம்மா கனமான மணிகள் வைத்துத் தைத்திருந்தா. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் எங்களுக்கு உடுப்பு எடுக்கும்போது அதற்கும் புதுத் துணி எடுப்பா. துணி மாற்றும்போதும் பக்கத்தைப் பார்க்க மாட்டா. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் மாற்றுவா. அவன் ஓத வைத்த மிச்சத்தில் வேறு யாருடைய கண்ணும் படக் கூடாதாம்.

அந்த அறைக்குப் பயந்துதான் நான் வளர்ந்தேன். திறந்து கிடந்தால் சைத்தான் ஓதுவான் என்று பள்ளியிலும் சொன்னார்கள், பக்கத்து வீட்டிலும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் எத்தனை நாளாகத் திறந்து கிடக்கிறது. அப்படியானால் உள்ளே யார் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்? லுஹருக்குப் பிறகு, மதிய நேரம், ஊர் அடங்கிக் கிடக்கும். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காது கொடுப்பேன். ஒரு நாள் கேட்டது. மெல்லிய குரல், ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப. கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தால் உம்மா தாங்கிக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தா. "ஓதல் ஓடிப் போகாது, தண்ணி ஓடிரும். ஓதல் ஓடிப் போகாது, தண்ணி ஓடிரும்." அவ்வளவுதான். தான் சொன்னதையே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தா. சைத்தானாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அதற்குப் பிறகு உம்மா திருமறையைப் பார்த்து ஓதி நான் காணவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த சின்னச் சின்ன சூராக்களோடு நிறுத்திக்கொண்டா.

வீடு எனக்குச் சீதனமாக வந்தது. அறையும் சேர்ந்துதானே வரும். எனக்குக் கலியாணமாகி மாப்பிள்ளை வந்த புதிதில், யாரோ மறதியாகத் திறந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்து மூடப் போனார். உம்மா போட்ட சத்தத்தில் அந்த மனிசன் அதற்குப் பிறகு முன்னறைப் பக்கம் செருப்பைக்கூடக் கழற்றி வைக்கவில்லை. எனக்கும் கோபம் வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவள் வேறு. "உம்மா, உயிரோட இரிந்தா காக்கா எப்பவோ வந்திரிப்பார்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். உம்மா என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. இரண்டு நாள் சோறு தின்னாமல் இருந்தா. பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

சுனாமிக் கடல் வந்த அன்று காலையில் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினோம். உம்மா நகையை எடுக்கவில்லை, காணி உறுதியை எடுக்கவில்லை. திருமறையைத் திறந்தபடியே, துணியும் விலகாமல், ரெண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்தா. ஈர்க்கை மட்டும் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்தா. ஒரு உழவு இயந்திரக்காரர் நிறுத்தி, "அத மூடி மடியில வெச்சிட்டு ஏறுங்க உம்மா, கைய விடாட்டி எப்பிடி ஏற?" என்று கத்தினார். உம்மாவின் பிடி உடும்புப் பிடி. கடைசியில் ரெண்டு பேர் அவவை நெல் மூட்டை மாதிரித் தூக்கித்தான் இழுவைப் பெட்டிக்குள் வைத்தார்கள். சனம் எல்லாம் கடல் பக்கம் பார்த்து ஓலமிட்டது. உம்மா மட்டும் காக்கா போன திசையில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தா. "இப்ப பாத்து வந்தானெண்டா வீட்டுல ஆள் இல்லையே" என்றா. அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே உம்மாவைப் பிடித்துத் தள்ளிவிட்டு அழ வேண்டும் போல இருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு வந்து போயிருந்தது. திரும்பி வந்து உம்மா முன்னறையைக் கழுவிக் காய வைத்து, முதல் வேலையாகத் தாங்கியை வைத்துப் பக்கத்தை விரித்தா.

இதில் உம்மா ஒரு ஆள் மட்டும் மாட்டியிருந்தால் அது அவவின் பாடு. மதினியும் மாட்டிக்கொண்டா.

புருஷனின் உடல், மையித்து, வீடு வராத பெண் விதவையா, மனைவியா? மதினி ரெண்டும் இல்லாமல் இருந்தா. புருஷன் மௌத்தானால் எங்கள் பெண்கள் இத்தா இருப்பார்கள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு, வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருந்து, தவணை முடிந்து வெளியே வருவார்கள். அது துக்கத்துக்குப் போட்ட வேலி. அதற்கு ஒரு வாசலும் இருக்கிறது. மதினிக்கு வேலியும் இல்லை, வாசலும் இல்லை. காதியாரிடம் போய்க் கேட்டால் ஒரு தீர்ப்புக் கிடைக்கும் என்று அவவின் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். மாப்பிள்ளை பேசிக்கூட வந்தார்கள். அவ எல்லாவற்றுக்கும் முன்னால் உம்மாவிடம் வந்தா. எனக்கு அந்த நாள் நல்ல ஞாபகம். குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "மாமி, நான் இத்தா இரிக்கட்டா?" என்று கேட்டா. உம்மா அவவின் கையைப் பிடித்து முன்னறைக்குக் கூட்டிப் போய் அந்த வெள்ளைத் துணியைக் காட்டினா.

"ஓதி முடியல்ல மகள்."

மதினி வீட்டுக்குப் போய்விட்டா. அன்றிலிருந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொண்டா. ஒவ்வொரு காலையும் எங்கள் வீட்டுக்கும் ஒரு பார்சல் வரும். உம்மாவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவா. ரெண்டு பேரும் காக்காவைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். முடி நரைத்தது, பல் விழுந்தது, மூட்டு வலி வந்தது. "வாறவர் என்னை அடையாளம் பிடிக்க மாட்டார்" என்று ஒரு தடவை என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னா. நான் சிரிக்கவில்லை.

இப்போது என் ஓதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் ஓதுகிற சனம். நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி அழகாக ஓதுவோம். என்ன ஓதினோம் என்று கேட்டால் ஆளையாள் பார்ப்போம். நோன்பு மாதத்தில் எங்கள் பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. ஆளுக்கொரு பாகமாகப் பிரித்துக்கொண்டு, முடித்ததும் "முடிஞ்சி" என்று போட வேண்டும். நானும் போடுவேன், எல்லாரையும் விட வேகமாகப் போடுவேன். ஆனால் ரெண்டாம் பாகம் என் பங்குக்கு வந்து, காக்கா ஓதிய இடம் நெருங்கும்போது என் வேகம் நின்றுவிடும். அவர் கடைசியாக ஓதிய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்தச் சொற்கள் வரத் தொடங்கியதும் பக்கத்தைத் தள்ளிவிட்டு அங்கால் போய்விடுவேன். இத்தனை வருஷமும் என் கணக்கில் ரெண்டு பக்கம் குறைந்துகொண்டே வந்தது. கணக்கு டீச்சருக்கு இது அழகா என்று என்னை நானே நக்கலடித்துக்கொள்வேன். அங்கே ஏதோ பயங்கரமான ஒன்று எழுதியிருக்கும் என்றுதான் நினைத்தேன். நரகம், தண்டனை, திரும்பி வராதவர்கள் என்று ஏதாவது. அல்லது திரும்பி வருவான் என்று ஒரு வாக்கு இருக்கும். ரெண்டுக்கும் சமமாகப் பயந்தேன்.

போன வருஷம் உம்மாவை வாதம் அடித்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கண் மூடிக் கிடந்தா. சொல் வரவில்லை, ஆனால் காது கேட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சுற்றி இருந்து யாசீன் ஓதினார்கள். மூச்சு இழுக்கும், நிற்கும், மறுபடி வரும். நாட்கள் போயின. "றூஹு ஏதோ ஒண்டுல கொழுவிக்கிட்டு நிக்கி" என்று ஒரு பெண் காதோடு காதாகச் சொன்னா. எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நிண்டா நிக்கட்டுமேகா, உங்கட வீட்டுக் கதிரையிலயா நிக்கிறா?" என்றேன். சொன்னேனே தவிர, உயிர் எதில் கொழுவியிருக்கிறது என்பது எனக்கும் தெரியும்.

ஒரு நாள் அசர் தொழுகை முடிந்த நேரம். ஓத வந்தவர்கள் போய்விட்டார்கள். மதினி மட்டும் உம்மாவின் காலைத் தடவிக்கொண்டு இருந்தா. கையில் இடியப்ப மாவின் மணம். திடீரென்று கேட்டா.

"தங்கச்சி, அத நான் ஓதட்டா?"

"எத?"

"உங்கட காக்காட மிச்சத்த."

"உம்மாக்கிட்ட கேக்காம எப்பிடி மதினி?" என்றேன்.

"கேப்பம். காது கேக்குதுதானே." அவ குனிந்து உம்மாவின் காதுக்குக் கிட்ட வாயை வைத்தா. "மாமி, அவர்ட மிச்சத்த நான் ஓதட்டா?"

உம்மாவின் விரல் அசைந்தது. ஓம் என்றாவா, வேண்டாம் என்றாவா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் ஓம் என்று எடுத்துக்கொண்டோம்.

ரெண்டு பேரும் கை, முகம், கால் கழுவி ஒளு எடுத்தோம். நான் தாங்கியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து உம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மதினி துணியை எடுத்தா. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். தாள் வெளிர்த் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஈர்க்கு வலப்பக்கத்தின் கடைசி வரிக்குக் கீழே கிடந்தது. மதினி அதை விரலால் நகர்த்தியபோது அதற்கு அடியில் இன்னொரு ஈர்க்கு கிடப்பது போலப் பழுப்புக் கோடு தெரிந்தது. வலப்பக்கத்தை முழுக்க ஓதி முடித்துவிட்டுத்தான் காக்கா எழும்பியிருக்கிறார். அரபு வலமிருந்து இடம் போகும்; மிச்சம் இருந்தது இடப்பக்கம்.

மதினி ஓதத் தொடங்கினா. என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கைப்பேசியை எடுத்து அந்த இடத்தின் தமிழ் விளக்கத்தைத் தேடினேன். கண் முதலில் வலப்பக்கத்து வசனத்துக்குத்தான் போனது. பிள்ளைக்குப் பாலூட்டுகிற தாய்மாரைப் பற்றி இருந்தது. பிள்ளையைக் கொண்டு தாய்க்குத் துன்பம் வந்துவிடக் கூடாது என்று இருந்தது. காக்கா கடைசியாக ஓதியது இதைத்தான். ஓதிவிட்டுத் தலையை நிமிர்த்தினால் முன்னால் உம்மா நின்றிருப்பா.

பிறகு இடப்பக்கத்துக்கு வந்தேன். மனைவியரை விட்டுவிட்டு மரணித்துப் போகிற ஆண்களைப் பற்றி அது தொடங்குகிறது. அந்தப் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் காத்திருக்க வேண்டும். தவணை முடிந்துவிட்டால் தங்களைப் பற்றி அவர்கள் நல்ல முறையில் செய்துகொள்வதில் யாருக்கும் குற்றமில்லை.

நான் தலையை நிமிர்த்தி மதினியைப் பார்த்தேன். அவவுக்குத் தெரியாது. நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழகாக ஓதிக்கொண்டிருந்தா. இத்தா என்றால் என்ன என்று எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் அது இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உம்மா கையைப் பிடித்துக் காட்டிய துணிக்குக் கீழேயே மதினியின் வாசல் இருந்திருக்கிறது. நாங்கள் வருஷத்துக்கு ஒரு புதுத் துணி எடுத்து அதை மூடியிருக்கிறோம்.

இன்னும் கீழே ஒரு வரி. உங்கள் உள்ளங்களில் இருப்பதை அவன் அறிவான், அவனை அஞ்சிக்கொள்ளுங்கள் என்று அது சொல்கிறது. வேறு யாருக்கோ, வேறு எதற்கோ சொன்னதாக அதைக் கடந்து போயிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. என் உள்ளத்தில் என்ன இருந்தது? காக்கா வரவேண்டும் என்று வாயால் துஆ கேட்ட ஒவ்வொரு நாளும் உள்ளே ஒன்று, இனி வராவிட்டால் நல்லது என்று இருந்தது. அவர் வந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பிள்ளைக் காலத்தில் கதவுக்குப் பின்னால் நான் காது கொடுத்துக் கேட்டது வெளியே இருந்து வந்த சைத்தானை இல்லை, எனக்குள்ளே இருந்த இதைத்தான். அதைப் பார்க்காமல் இருக்கத்தான் ரெண்டு பக்கத்தை இத்தனை வருஷமாகத் தள்ளி ஓதினேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

மதினி பக்கத்தின் கடைசி வரியை முடித்து நிறுத்தினா. உம்மாவின் உதடு அசைந்தது. நாங்கள் ரெண்டு பேரும் குனிந்தோம். பல நாளாக ஒரு சொல்லும் சொல்லாத வாய்.

"ஓதி முடிச்சிட்டானா?"

மதினி என்னைப் பார்க்கவில்லை. "ஓம் மாமி" என்றா. "முடிச்சாச்சி."

"அப்ப மூடு மகள். சைத்தான் ஓதுவான்."

எல்லா உம்மாமாரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறதுதான். என் உம்மா அதைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மதினி ரெண்டு கையாலும் திருமறையை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டா. நான் உம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மறுநாள் லுஹருக்கு முன்னம் உம்மா போய்விட்டா. உம்மாவின் ஜனாஸா தொழுத கையோடு, காக்காவுக்கும் மையித்து இல்லாமலே ஜனாஸா தொழுதார்கள்.

கத்தம் எல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு, மதினியைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவ ஓதிய பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அவ இடியப்பத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டா. ரெண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னா. பிறகு, "அப்ப எனக்கும் ஒரு தவணை இரிந்திரிக்கி" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அந்தக் கிழமையே இத்தா இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டா. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இந்த வயதில் என்னத்துக்கு என்று சிரித்தவர்களும் உண்டு. கேட்கப் போன இடத்தில் மௌலவி கொஞ்சம் யோசித்துவிட்டு, மௌத்தென்று இப்போதுதானே முடிவாகியிருக்கிறது, இருக்கட்டும் என்றார். இடியப்பம் நின்றது. கடைக்காரர்கள் என்னைக் கண்டு குறைப்பட்டார்கள். மதினி வெள்ளை உடுத்துத் தன் வீட்டுக்குள் இருந்தா. காக்காவின் திருமறையைக் கேட்டு வாங்கிக்கொண்டா. பாடசாலை விட்டதும் நான் சோறு கொண்டு போவேன். அவ ஒரு பக்கம் ஓதுவா, நான் அதைத் தமிழில் வாசிப்பேன். சில நாள் ஒரு வசனத்தோடு நின்றுவிடுவோம். வாட்ஸ்அப்பில் "முடிஞ்சி" போடுகிற அவசரம் அந்த வீட்டில் இல்லை.

தவணை முடிந்த அன்று காலையில் ஓட்டோ பிடித்து ரெண்டு பேரும் வட்டைக்குப் போனோம். மண்வெட்டி கிடந்ததாகச் சொன்ன வரம்பு இதுவாக இருக்கலாம் என்ற இடத்தில் நின்றோம். கபுறு இல்லாதவருக்கு வேறு எங்கே போய் ஸலாம் சொல்வது? மதினி கையேந்தித் துஆ கேட்டா. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவ அதையே பார்த்துக்கொண்டு நின்றா. "ஓடட்டும்" என்றா. பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வரம்பில் எனக்கு முன்னால் நடந்தா.

மதினி திருப்பித் தந்த திருமறை இப்போது மறுபடி என் வீட்டில், அந்த முன்னறையில் இருக்கிறது. கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். அத்தனை வருஷம் ஒரே இடத்தில் விரிந்து கிடந்ததால் அதன் முதுகு உடைந்துவிட்டது. மூடினால் மூடி நிற்பதில்லை. சுபஹுக்குப் பிறகு வேறு இடத்தில் ஓதிக்கொண்டிருந்துவிட்டு, மூடி வைத்துத் தண்ணீர் குடிக்க எழும்புவேன். திரும்பி வந்து பார்த்தால் அது அந்த ரெண்டு பக்கத்தில் திறந்து கிடக்கும். முதல் தடவை கண்டபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இப்போதும் ஒரு கணம் முதுகு சில்லிடத்தான் செய்கிறது. பிறகு உட்கார்ந்து, காக்கா ஓதிய பக்கத்தையும் ஓதாமல் போன பக்கத்தையும் ஓதிவிட்டு மூடுகிறேன்.